நன்கொடை நிதியில் வரும் ஆணுறைகள்: கொள்முதல் முதல் கைக்கு வந்து சேரும் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களில் கொள்முதல், கிடங்கு, களப்பணி ஆகிய பொறுப்புகளில் இருப்போருக்கு நான் பயிற்சி வகுப்பு நடத்தி வருகிறேன். எந்த வகுப்பாக இருந்தாலும், முடிந்தபின் தனியே வந்து கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன.

இந்த ஆணுறைகளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? யார் வாங்குகிறார்கள்?

பணம் கொடுப்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் வெவ்வேறானவர்கள். 2002இல் தொடங்கப்பட்ட எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலகளாவிய நிதியமும், 2003இல் அமெரிக்கா தொடங்கிய பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் நிவாரணத் திட்டமும் முக்கியமான நிதி ஊற்றுகள். பெருமளவில் வாங்கும் பணியைப் பல பத்தாண்டுகளாக ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியமும் யுஎஸ்எய்டு என்ற அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பும் செய்துவந்தன. பொருள் தயாராவது பெரும்பாலும் மலேசியா, தாய்லாந்து, இந்தியா, சீனா ஆகிய நாடுகளில். அதைப் பெற்றுக்கொள்வது அந்தந்த நாட்டின் சுகாதார அமைச்சகமோ தொண்டு நிறுவனமோ ஆகும்.

இந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்வது அவசியம். சரக்கு தாமதமாகும்போது நிதி கொடுத்தவரைக் கேட்டால் அவர் வாங்கியவரைக் கைகாட்டுவார். வாங்கியவர் சுங்க அனுமதி வாங்க வேண்டிய அமைச்சகத்தைக் கைகாட்டுவார். ஒவ்வொரு கட்டத்துக்கும் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தம் போடும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓர் ஆணுறைக்கு என்ன செலவாகும்? இவ்வளவு மலிவான பொருளுக்கு இத்தனை பெரிய ஏற்பாடு ஏன்?

மொத்தக் கொள்முதலில் ஓர் ஆணுறையின் விலை சில அமெரிக்க சென்ட்டுகள்தான். கணக்கெல்லாம் கிராஸ் அளவில், அதாவது 144 எண்ணிக்கையில் நடக்கும். ஆனால் அந்த விலை தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது. மாதிரி எடுத்துச் சோதித்தல், கப்பல் கட்டணம், காப்பீடு, சுங்கம், துறைமுகத்தில் கன்டெய்னர் தங்கும் நாட்களுக்கான கட்டணம், கிடங்கு வாடகை, மாவட்டங்களுக்கான லாரி, கடைசியில் கையில் கொடுக்கும் களப்பணியாளரின் ஊதியம் என எல்லாம் அதன்மேல் ஏறுகின்றன.

பொருளுக்குத் தாராளமாகப் பணம் தந்துவிட்டு, மாவட்டக் கிடங்கிலிருந்து பயனாளியின் கைவரை செல்லும் கடைசிப் பயணத்துக்கு ஒன்றும் ஒதுக்காத திட்டங்கள் நிறைய உண்டு. என் கருத்தில் இந்தத் துறையின் மிகப் பெரிய குறை இதுதான். தலைநகரின் கிடங்கில் லட்சக்கணக்கில் அடுக்கியிருந்தும், இரவில் ஒருவருக்குத் தேவைப்படும்போது அவர் கைக்கெட்டும் இடத்தில் இல்லையென்றால், அந்த ஆணுறை எவரையும் காப்பாற்றுவதில்லை. கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரே இடத்துக்குத்தான் திரும்ப வரும்.

ஆணுறை எச்.ஐ.வி.யை உண்மையிலேயே தடுக்குமா? ரப்பரில் இருக்கும் நுண்துளை வழியே வைரஸ் போய்விடும் என்கிறார்களே?

எச்.ஐ.வி. துகளின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அது அவ்வளவு சிறியதாக இருந்தாலும், சேதமில்லாத லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) படலத்தைத் தாண்டிச் செல்வதில்லை. நுண்துளைக் கதை பெரும்பாலும் ஆட்டுக்குடலிலிருந்து செய்யப்படும் இயற்கைச் சவ்வு உறைகளைப் பற்றிய உண்மையிலிருந்து கிளம்பியது. அவற்றில் துளைகள் உண்டு. ஆகவே தொற்றுத் தடுப்புக்கு அவை பரிந்துரைக்கப்படுவதில்லை, எந்தத் தடுப்புத் திட்டத்துக்கும் வாங்கப்படுவதும் இல்லை.

ஒவ்வொரு முறையும் தவறாமல் ஆணுறை பயன்படுத்திய இணையர்களையும் பயன்படுத்தாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், எச்.ஐ.வி. தொற்று ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. மீதி 20 சதவீதம் ரப்பரின் குற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. கிழிதல், நழுவுதல், தாமதமாக அணிதல், ஆய்வில் சொன்னதற்கும் செய்ததற்கும் உள்ள இடைவெளி எல்லாம் அதில் அடங்கும். 1990 முதல் 2019 வரை ஆணுறைப் பயன்பாடு உலகெங்கும் சுமார் 11 கோடியே 70 லட்சம் புதிய தொற்றுகளைத் தவிர்த்திருக்கும் என்று ஒரு மாதிரிக் கணக்கீடு மதிப்பிட்டது.

இலவசமாகக் கொடுப்பது தரம் குறைந்ததாகத்தானே இருக்கும்?

இல்லை. கடையில் விற்பதற்கும் இலவசமாகக் கொடுப்பதற்கும் அடிப்படைத் தர அளவுகோல் ஒன்றே. அது லேட்டக்ஸ் ஆணுறைக்கான ஐ.எஸ்.ஓ. 4074 என்ற சர்வதேசத் தரம். பெரிய நன்கொடைக் கொள்முதல்களில் அதற்கு மேலும் உலக சுகாதார நிறுவனமும் மக்கள்தொகை நிதியமும் வகுத்த கூடுதல் விவரக்குறிப்பு உண்டு.

சோதனைக்கூடத்தில் நடப்பதைப் பார்த்தால் நம்பிக்கை வரும். மாதிரியாக எடுத்த ஆணுறையில் 300 மில்லிலிட்டர் நீரை ஊற்றித் தொங்கவிட்டுக் கசிவு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு வாயைக் கட்டி, உறிஞ்சுதாளின்மேல் உருட்டுவார்கள். தாளில் ஒரு புள்ளி ஈரம் தெரிந்தாலும் அது குறைபாடு. ஐந்து லட்சம் வரையுள்ள பெரிய தொகுதி (ஒன்றாகத் தயாரித்து ஒரே எண் இடப்பட்ட சரக்கு) ஒன்றிலிருந்து 315 எடுத்துச் சோதித்தால், அதிகபட்சம் இரண்டில்தான் கசிவு இருக்கலாம். மூன்றாவது ஒன்று கசிந்தால் தொகுதி முழுவதும் தள்ளப்படும். இன்னொரு சோதனையில் காற்றை அடைத்து வெடிக்கும்வரை ஊதுவார்கள். வழக்கமான அகலமுடைய ஆணுறை குறைந்தது 18 லிட்டர் காற்றைத் தாங்க வேண்டும். இவை எல்லாம், தொழிற்சாலையில் ஒவ்வோர் ஆணுறைக்கும் தனித்தனியே நடக்கும் மின்னணுத் துளைச் சோதனைக்கு மேலதிகமானவை.

இருந்தாலும் இந்தச் சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. வெறும் வெள்ளை உறையில், ரப்பர் வாடையோடு வரும் பொருளை மக்கள் மதிப்பதில்லை. தென்னாப்பிரிக்க அரசு இதை உணர்ந்துதான், பழைய இலவச ஆணுறைக்குப் பதிலாக நிறமும் மணமும் கொண்ட ‘மேக்ஸ்’ வகையை 2016இல் கொண்டுவந்தது. உறையின் தோற்றத்துக்குச் செலவிடுவதை வீண் என்று சொல்லும் நிதி அதிகாரிகளோடு நான் உடன்படுவதில்லை.

‘முன்தகுதி’ என்றால் என்ன? டெண்டரில் அதைவிடக் குறைந்த விலை கேட்பவரிடம் வாங்கக் கூடாதா?

முன்தகுதி என்பது டெண்டருக்கு முன்பே தொழிற்சாலையை ஆராய்ந்து பட்டியலில் சேர்ப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆணுறைகளுக்கு இந்தப் பணியை ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் செய்கிறது. ஆவணங்களைச் சரிபார்ப்பதும், ஆலைக்கே சென்று ஆய்வதும், பொருளைச் சோதிப்பதும் இதில் அடங்கும். பட்டியலில் உள்ள ஆலையிடம் வாங்கினாலும், ஒவ்வொரு தொகுதியும் கப்பலேறுமுன் தனியாகச் சோதிக்கப்பட வேண்டும்.

பட்டியலில் இல்லாதவர் சொல்லும் குறைந்த விலை பெரும்பாலும் இந்தச் சோதனைகளில் மிச்சம் பிடித்த பணம்தான். 2013இல் கானாவின் உணவு மருந்து ஆணையம், இறக்குமதியான 11 கோடிக்கும் மேற்பட்ட ஆணுறைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தது; சோதனையில் அவற்றில் துளைகள் இருந்தன, எளிதில் வெடித்தன. சான்றிதழ் ஒன்று இருந்துவிட்டாலும் போதாது. தென்னாப்பிரிக்காவில் 2007இல் சுமார் இரண்டு கோடி ஆணுறைகள் திரும்பப் பெறப்பட்டன; சான்று வழங்கும் அமைப்பின் ஊழியர் ஒருவர் கையூட்டு வாங்கிக்கொண்டு தேறாத சரக்கைத் தேற்றிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. சோதிப்பவர் விற்பவரையும் வாங்குபவரையும் சாராதவராக இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரக்கு வந்திறங்கிய பிறகு நம் நாட்டிலேயே இன்னொரு முறை சோதித்தால் கூடுதல் பாதுகாப்புதானே?

கேட்பதற்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் கப்பலேறுமுன் யாரையும் சாராத சோதனைக்கூடம் தேற்றிய தொகுதியை எல்லாம் வழக்கமாக மறுபடி சோதிப்பது பெரும்பாலும் தீமையே செய்கிறது. சோதனைக்கூடத்தில் வரிசை நீள்கிறது, துறைமுகக் கட்டணம் ஏறுகிறது, காலாவதித் தேதி நெருங்குகிறது. தவிர, மாதிரி எடுத்துச் சோதிக்கும் எந்த முறையிலும் நல்ல தொகுதி ஒன்று தற்செயலாகத் தோற்க ஒரு சிறு வாய்ப்பு உண்டு. சோதனையை அடுக்கிக்கொண்டே போனால் அந்த வாய்ப்பும் கூடும்.

உகாண்டாவின் அனுபவத்தை வகுப்பில் தவறாமல் சொல்கிறேன். 2004இல் அங்கே ‘எங்காபு’ என்ற இலவச ஆணுறையில் துர்நாற்றம் வீசுகிறது என்று புகார் எழுந்தது, சரக்கு திரும்பப் பெறப்பட்டது. அதுவரை சரியான நடவடிக்கை. அதன்பின், இறக்குமதியாகும் எல்லா ஆணுறைகளையும் நாட்டுக்குள் மறுபடி சோதிக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதற்கேற்ற சோதனை வசதி இல்லை. சரக்கு கிடங்கில் தேங்க, 2005இல் நாடு கடும் தட்டுப்பாட்டைச் சந்தித்தது. புகார் வந்த தொகுதி, பயணத்தில் நனைந்த தொகுதி, ஆவணம் பொருந்தாத தொகுதி ஆகியவற்றைக் கட்டாயம் சோதியுங்கள். மற்றவற்றை விநியோகத்துக்கு விடுங்கள்.

எங்கள் கிடங்கில் வெயில் காலத்தில் நிற்கவே முடியாது. ஆணுறைகள் எல்லாம் கெட்டுப்போயிருக்குமா?

அவசரப்பட்டு எரித்துவிடாதீர்கள். ஆணுறையின் ஆயுட்காலம் சராசரியாக 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்படும் என்ற அடிப்படையில்தான் கணக்கிடப்படுகிறது. தயாரிப்பாளர்கள் 70 டிகிரியில் ஒரு வாரம் வைத்தும் சோதித்துப் பார்க்கிறார்கள். அலுமினிய உறை பழுதுபடாமல் இருந்தால் சில வாரக் கோடையைப் பொருள் தாங்கும். நீண்ட நாள் தகரக் கூரைக்கடியிலோ வெயிலில் நின்ற கன்டெய்னரிலோ கிடந்திருந்தால், தொகுதி வாரியாக மாதிரி அனுப்பிச் சோதித்த பிறகு முடிவெடுங்கள்.

வெப்பத்தைவிடக் கவனிக்கப்படாத எதிரி, உறையில் விழும் ஓட்டை. வெளிக்காற்று உள்ளே புகுந்துகொண்டே இருந்தால் லேட்டக்ஸ் ஆக்சிஜனேற்றமடைந்து விறைத்துப்போகும். பாக்கெட்டை இரு விரலுக்கிடையே மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே அடைபட்ட காற்று மெத்தென்று எதிர்த்து நிற்க வேண்டும், ஆணுறை உள்ளே வழுக்கி நகர வேண்டும். அழுத்தியதும் தட்டையாகிவிட்டால் அந்த உறை போய்விட்டது. ஓடும் மின்மோட்டாருக்கு அருகில் அடுக்குவதும் தவறு, ஏனென்றால் அது வெளியிடும் ஓசோன் ரப்பரைத் தின்னும். அட்டைப்பெட்டிகள் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயர்ந்த பலகையில், சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, இரண்டரை மீட்டர் உயரத்துக்கு மிகாமல் இருக்கட்டும். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் வழிப்பக்கம் பார்த்திருக்கட்டும்.

காலாவதியாக இரண்டு மாதம்தான் இருக்கிறது. கொடுக்கலாமா?

அச்சிட்ட தேதி வரை கொடுக்கலாம். ஆனால் இரண்டு மாதத்துக்குள் பயன்படுத்தப்படும் இடத்துக்கு மட்டும். முதலில் வந்ததை முதலில் அனுப்புவது என்ற பழைய கிடங்குப் பழக்கம் இங்கே பொருந்தாது. முதலில் காலாவதியாவதே முதலில் வெளியேற வேண்டும். இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. தேதி கடந்ததைக் கொடுக்கவே கூடாது. ஆயுட்காலம் அதிகபட்சம் ஐந்து ஆண்டு, அதில் பயணத்திலேயே பல மாதம் போய்விடும். ஆகவே வந்து சேரும்போது குறைந்தது எவ்வளவு காலம் மீதமிருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

எத்தனை ஆணுறை வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது? போன வருடம் அனுப்பியதோடு பத்து சதவீதம் கூட்டினால் போதாதா?

போன வருடம் அனுப்பியது என்பது போன வருடம் தேவைப்பட்டதல்ல. மூன்று மாதம் கையிருப்பு இல்லாமல் இருந்திருந்தால் பதிவேட்டில் பூஜ்யம் இருக்கும். அதைத் தேவை இல்லாத மாதமாக எண்ணிவிட்டால் பற்றாக்குறையையே அடுத்த ஆண்டுக்கும் திட்டமிடுகிறீர்கள். கையிருப்பு இருந்த மாதங்களை மட்டும் எடுத்துச் சராசரி காணுங்கள்.

அதோடு இன்னொரு பக்கத்திலிருந்தும் கணக்கிட வேண்டும். திட்டம் சென்றடையும் மக்கள் எத்தனை பேர், அவர்களுக்கு மாதத்தில் எத்தனை முறை தேவைப்படும், அதில் எத்தனை கடையில் வாங்கப்படும், கிழிவுக்கும் செயல்விளக்கத்துக்கும் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இரண்டு வழிக் கணக்கும் வெகுதூரம் விலகி நின்றால், நடுவில் ஏதோ ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது என்று பொருள். சராசரி எடுத்துச் சமாளிக்காமல் அதைத் தேடிப் போங்கள். மூன்றாவதாக, உங்கள் வாகனங்களும் ஆட்களும் மாதத்தில் எவ்வளவு கொண்டுசேர்க்க முடியும் என்ற வரம்பும் உண்டு. அதை மீறி வாங்குவது கிடங்கில் காலாவதியாகும்.

கையிருப்பை எண்ணிக்கையாகச் சொல்லாமல் மாதமாகச் சொல்லிப் பழகுங்கள். கையில் 48,000 இருக்கிறது, மாதம் சராசரியாக 8,000 போகிறது என்றால் ஆறு மாதக் கையிருப்பு. புதிய சரக்கு வர ஒன்பது மாதமாகும் நிலையில் அது ஏற்கெனவே ஆபத்தான அளவு. 48,000 என்ற எண்ணை மட்டும் பார்த்தவருக்கு அது தெரியாது.

சும்மா கொடுத்தால் மதிப்பு இருக்காது. கொஞ்சம் விலை வைத்து விற்கலாமே?

சிலருக்கு விற்கலாம். மானிய விலையில், விளம்பரத்தோடு, சாதாரணக் கடைகள் வழியே விற்பதைச் சமூகச் சந்தைப்படுத்தல் என்பார்கள். 1968இல் குடும்பக்கட்டுப்பாட்டுக்காக இந்தியாவில் தொடங்கிய ‘நிரோத்’ இதன் முன்னோடி. தேயிலையும் சோப்பும் விற்ற நிறுவனங்களின் விற்பனை வலை வழியாக அது கடைகளுக்குப் போனது. இரவு வெகுநேரம் திறந்திருக்கும் கடையில் கிடைக்கும் என்பது இந்த முறையின் பெரும் பலம்.

ஆனால் விலை ஏறினால் ஏழைகள் விலகிவிடுவார்கள். வங்கதேசத்தில் 1990இல் இத்தகைய ஆணுறையின் விலையை உயர்த்தியபோது, அடுத்த ஓராண்டில் விற்பனை ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. வாங்க முடிந்தவருக்கு வணிகச் சந்தை, ஓரளவு முடிந்தவருக்கு மானிய விலை, முடியாதவருக்கும் தொற்று அபாயம் மிகுந்தவருக்கும் இலவசம் என்று மூன்றையும் ஒன்றாகத் திட்டமிடுவதே சரி. இலவசச் சரக்கைக் கண்ட இடமெல்லாம் கொட்டினால் பக்கத்துக் கடைக்காரர் ஆணுறை வைப்பதையே நிறுத்திவிடுவார். நன்கொடை நின்ற அன்று இரண்டும் இருக்காது.

ஒரே ஆள் ஒரு பெட்டி முழுவதையும் கேட்கிறார். வெளியே விற்றுவிடுவாரோ?

சந்தேகப்படுமுன் கணக்குப் போடுங்கள். நாளைக்கு நான்கு வாடிக்கையாளர் வீதம் மாதத்தில் 20 நாள் பாலியல் தொழில் செய்யும் ஒருவருக்கு 80 ஆணுறை வேண்டும். கிழிவுக்கு எட்டோ பத்தோ சேர்த்தால் 90 வரை ஆகும். “ஆளுக்குப் பத்து” என்று சுவரில் எழுதி ஒட்டும் நிலையம், அவருடைய மாதத்தின் பெரும்பகுதியைப் பாதுகாப்பின்றி விடுகிறது. அவர் தோழிகளுக்கும் சேர்த்து வாங்கிப் போகிறவராக இருந்தால், சம்பளமில்லாத களப்பணியாளர் ஒருவர் உங்களுக்குக் கிடைத்திருக்கிறார். பெயர், முகவரி கேட்டுக் கையெழுத்து வாங்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வருகிறவர்களை அதைவிட வேகமாக விரட்டும் வழி வேறில்லை.

ஓரிரு பெட்டி வெளியே போய் யாரோ விற்றாலும் அதை யாரோ பயன்படுத்தத்தான் போகிறது. லாரி லாரியாகக் காணாமல் போவது வேறு விஷயம்; அதைப் பயனாளியின் கையில் தேடாமல் இருப்புப் பதிவேட்டில் தேட வேண்டும்.

இளைஞர்களுக்குக் கொடுத்தால் அது தூண்டுதலாகிவிடாதா?

பெற்றோர் கவலையோடு கேட்கும் கேள்வி இது. மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் ஆணுறை கிடைக்கச் செய்தபோது, அந்த வசதி இல்லாத சிகாகோ பள்ளிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1997இல் முடிவு வெளியிட்டார்கள். இரண்டு நகரத்திலும் பாலுறவில் ஈடுபட்ட மாணவர் விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வேறுபட்டது ஆணுறைப் பயன்பாடு மட்டும். நியூயார்க்கில் அது கூடுதலாக இருந்தது.

நிதி கொடுப்பவர் போடும் நிபந்தனைகளை எல்லாம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?

நிபந்தனைகளில் மூன்று வகை உண்டு. முதலாவது தரம், தணிக்கை சார்ந்தவை. இவை நமக்கே நல்லவை. இரண்டாவது, நிதி கொடுக்கும் நாட்டின் தொழிலைப் பாதுகாப்பவை. யுஎஸ்எய்டு பல ஆண்டுகள் அலபாமா மாநிலத்தின் யூஃபாலா ஊரில் தயாரான ஆணுறைகளை, ஆசிய விலையைவிட அதிகம் கொடுத்து வாங்கியது. அதே பணத்தில் எண்ணிக்கை குறைந்ததுதான் பெறும் நாடு கண்ட விளைவு.

மூன்றாவது வகைதான் கடினமானது: கொள்கை சார்ந்தவை. பெப்ஃபாரின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், தடுப்பு நிதியில் மூன்றில் ஒரு பங்கைத் திருமணம்வரை பாலுறவைத் தவிர்க்கச் சொல்லும் திட்டங்களுக்கு ஒதுக்கியது. 2008இல் அந்த ஒதுக்கீடு நீங்கியது. பாலியல் தொழிலை எதிர்ப்பதாக எழுதிக் கொடுக்கும் அமைப்புக்கே நிதி என்ற விதியும் அந்தச் சட்டத்தில் இருந்தது. பிரேசில் 2005இல் இதை மறுத்து, நான்கு கோடி டாலர் உதவியையே வேண்டாம் என்றது. அமெரிக்க அமைப்புகளை இந்த விதி கட்டுப்படுத்தாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. வெளிநாட்டு அமைப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2020இல் தீர்ப்பளித்தது.

எல்லோராலும் பிரேசில் ஆக முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கையெழுத்திடுமுன் ஒன்றைக் கேளுங்கள்: இந்த நிபந்தனையால் நம்மிடம் வருவதை நிறுத்திவிடக்கூடியவர்கள் யார்? அவர்களே தொற்று அபாயம் மிகுந்தவர்கள் என்றால், வேறு நிதியைத் தேடுவதோ அந்தப் பகுதிப் பணியைத் தனி அமைப்பிடம் ஒப்படைப்பதோ செய்தாக வேண்டும்.

பெண்ணுறை ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது? கேட்பாரில்லையா?

கேட்பார் இருக்கிறார்கள். ஜிம்பாப்வேயில் 1990களின் நடுவில் 30,000க்கும் மேற்பட்ட பெண்கள் கையெழுத்திட்டுப் பெண்ணுறை வேண்டுமென்று அரசைக் கேட்டார்கள். தடையாக இருப்பது விலை. ஆணுறையைவிடப் பல மடங்கு. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்த இரண்டாம் தலைமுறை பெண்ணுறை வந்தபின் விலை குறைந்தாலும் இடைவெளி பெரிதாகவே நீடிக்கிறது. கூட்டாளி ஆணுறை அணிய மறுக்கும் நிலையில் பெண் தானே முடிவெடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொருள் இது. ஆகவே ஆணுறை விலையோடு ஒப்பிட்டு விலக்கிவிடுவது நியாயமில்லை. ஆனால் கற்றுக்கொடுக்கும் ஆள் இல்லாமல் பெட்டியை மட்டும் அனுப்பினால் நிச்சயம் தேங்கும்.

உயவு ஜெல்லையும் வாங்க வேண்டுமா? விந்துக்கொல்லி சேர்த்த ஆணுறை இன்னும் நல்லதல்லவா?

ஜெல் வேண்டும், குறிப்பாக ஆண்களோடு பாலுறவு கொள்ளும் ஆண்களுக்கும் பாலியல் தொழிலாளருக்கும். அது கிடைக்காதபோது கையில் கிடைத்த எண்ணெயையோ வாசலினையோ பூசுவார்கள்; எண்ணெய் பட்ட லேட்டக்ஸ் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கும். நீர் அல்லது சிலிக்கோன் அடிப்படையிலான ஜெல்லே வாங்குங்கள்.

விந்துக்கொல்லியான நோனாக்சினால்-9 சேர்த்தவற்றை வாங்காதீர்கள். அந்த மருந்தை அடிக்கடி பயன்படுத்திய பெண்களிடம் எச்.ஐ.வி. தொற்று குறைவதற்குப் பதில் கூடியிருந்தது என்ற ஆய்வு முடிவு 2000ஆம் ஆண்டு டர்பனில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில் வெளியானது. அதன்பின் பெரிய கொள்முதல் அமைப்புகள் அதைக் கைவிட்டன.

ஆணுறை வைத்திருந்ததற்காகவே போலீஸ் பிடிக்கிறது. நாங்கள் விநியோகித்து என்ன பயன்?

இது கிடங்கில் தீராத விநியோகப் பிரச்சினை. பையில் ஆணுறை இருப்பதைப் பாலியல் தொழிலுக்குச் சாட்சியாகக் காவல்துறை எடுத்துக்கொண்டதை அமெரிக்காவின் பெருநகரங்களிலேயே மனித உரிமை அமைப்புகள் 2012இல் பதிவு செய்தன. அப்படிப் பிடிக்கும் ஊரில் பெண்கள் ஓரிரண்டுக்கு மேல் எடுத்துச் செல்ல மாட்டார்கள். மேலே சொன்ன 90 என்ற கணக்கு அங்கே எடுபடாது. காவல் அதிகாரிகளோடு பேசுவதற்கான நேரத்தையும் செலவையும் திட்ட முன்மொழிவிலேயே சேர்த்துவிடுங்கள்.

அரசு இறங்கி வந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தாய்லாந்து சான்று. 1989இல் ராட்சபுரியில் சோதித்து 1991இல் நாடு முழுவதும் விரித்த நூறு சதவீத ஆணுறைத் திட்டத்தில், அரசு இலவசமாக ஆணுறை தந்து, அதன் பயன்பாட்டை உறுதிசெய்யும் பொறுப்பைப் பாலியல் தொழில் விடுதிகளின் உரிமையாளர்மேல் சுமத்தியது. பாலியல் தொழிலில் 1989இல் 14 சதவீதமாக இருந்த பயன்பாடு 1993இல் 94 சதவீதமானது. ஆனால் அந்தத் திட்டத்திலும் கட்டாயம் இருந்தது, பெண்களின் குரல் போதிய அளவு கேட்கப்படவில்லை என்ற விமர்சனத்தை நான் ஏற்கிறேன்.

தடுப்பு மாத்திரையும் ஊசியும் வந்துவிட்டனவே. இனி ஆணுறைக்கு ஏன் நிதி?

தொற்றுக்கு முன்பே எடுக்கும் பிரெப் மாத்திரை 2012 முதல் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசிக்கு 2025இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. இரண்டையும் மனதார வரவேற்கிறேன். ஆயினும் அவை மேகவெட்டையையும் கிரந்தியையும் கருத்தரிப்பையும் தடுப்பதில்லை. அவற்றுக்குப் பரிசோதனையும் சுகாதாரப் பணியாளரும் வேண்டும், ஆணுறைக்கு வேண்டாம். இரண்டில் ஒன்று என்று நிதியாளர் கேட்கும்போது, யாருக்கு எது கிடைக்கும் என்ற கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்.

நிதி திடீரென்று நின்றால் என்ன செய்வது?

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, ஜூலையில் யுஎஸ்எய்டு அமைப்பே முடிவுக்கு வந்தது. அதற்கு முன் 2020 மார்ச்சில், உலகின் ஆணுறைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைத் தயாரித்த மலேசியாவின் கேரெக்ஸ் நிறுவனத்தின் ஆலைகள் கொரோனா ஊரடங்கால் சில நாட்கள் மூடப்பட்டன. பணம் ஒரே இடத்திலிருந்தும் பொருள் ஒரே இடத்திலிருந்தும் வருவது இரண்டுமே ஆபத்து.

தட்டுப்பாடு வந்தால் எல்லோருக்கும் சமமாகக் குறைக்காதீர்கள். தொற்று அபாயம் மிகுந்தவர்களின் பங்கைக் காப்பாற்றிவிட்டு, கடையில் வாங்க முடிந்தவர்களைக் கடைக்கு அனுப்புங்கள். மேலே சொன்ன மூன்று வழிச் சந்தை முன்பே இருந்தால்தான் இது நடக்கும். சிறிய தொகையானாலும் அரசின் சொந்த நிதிநிலை அறிக்கையில் ஆணுறைக்கென ஒரு தலைப்பு இருக்கும்படி நல்ல காலத்திலேயே வற்புறுத்துங்கள்.

அறிக்கையில் ‘பத்து லட்சம் விநியோகம்’ என்று எழுதுகிறோம். அத்தனையும் பயன்பட்டதாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. மத்தியக் கிடங்கிலிருந்து வெளியேறியதை ‘விநியோகம்’ என்று எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. அது மாவட்ட அலமாரியில் கிடக்கலாம். குடும்பக்கட்டுப்பாட்டுக் கணக்கில் 120 ஆணுறையை ஓர் இணையரின் ஓராண்டுப் பாதுகாப்பு என்று எண்ணுவார்கள், எச்.ஐ.வி. தடுப்புக்கு அந்த அளவும் பொருந்தாது, ஏனென்றால் அந்த 120 யார் கைக்குப் போனது என்பதைப் பொறுத்தே தவிர்த்த தொற்றின் எண்ணிக்கை மாறும்.

வெளியேறியது, கடைசி நிலையத்துக்கு வந்தது, கையில் கொடுத்தது என்று மூன்று எண்களைத் தனித்தனியே எழுதுங்கள். நான்காவதாக, கடைசி நிலையங்களில் எத்தனை, மாதத்தில் எத்தனை நாள் கையிருப்பின்றி இருந்தன என்பதையும் எழுதுங்கள். பயன்பாட்டை அறிய, கடைசி உறவில் ஆணுறை இருந்ததா என்று கேட்கும் கணக்கெடுப்புதான் வழி. முதல் எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் இடையே பெரிய பள்ளம் தெரிந்தால் அதை மறைக்காமல் நிதியாளருக்கு அனுப்புங்கள். கடைசிப் பயணத்துக்கு அவரிடம் பணம் கேட்க உங்களிடம் உள்ள வலுவான ஆவணம் அதுதான்.